எந்தப் பூட்டை முதலில் திறப்பது?



தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், முத்து வணிகர்களிடம் ஒரு விசித்திரமான கருவி இருந்தது. சிறு கிண்ணங்களைப் போன்ற பித்தளைச் சல்லடைகளின் வரிசை அது. ஒவ்வொரு சல்லடையிலும் துளைகளின் அளவு வேறு. 20, 30, 50 என்று தொடங்கி 1000 வரை அவற்றுக்கு எண்கள் உண்டு. எண் குறைந்த சல்லடையின் துளை பெரியது. எண் கூடக் கூடத் துளை சிறுத்துக்கொண்டே போகும். முத்துக் குவியலை ஒவ்வொன்றாக இச்சல்லடைகளில் இட்டுச் சலித்தால், பெரிய முத்து முதல் சல்லடையிலேயே தங்கிவிடும். சிறியது கீழே இறங்கும். அளவுகோலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. துளையே முத்தை அளந்து சொல்லிவிடும்.

1961-ஆம் ஆண்டுடன் அந்த முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் அதே தத்துவத்தில் இயங்கும் ஒரு கருவி இன்றும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. அதுதான் பூட்டு!

பூட்டு என்றால் வலிமையான இரும்புத் துண்டு என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் பூட்டு ஓர் அளவுக் கருவி. உள்ளே நுழையும் சாவியின் பற்களை அது அளக்கிறது. அளவு சரியாக இருந்தால் வழி விடுகிறது, தவறினால் மறுக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பூட்டுத் திறக்கும் கலையைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்பும் ஒருவர் எந்தப் பூட்டில் தொடங்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

முதலில் இரண்டு விதிகள்

சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பார்ப்பதை உலகின் பல நாடுகளில் விளையாட்டாகவும், கைத்திறனாகவும் பழகுகிறார்கள். அவர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதிகள் இரண்டு.

ஒன்று: உங்களுக்குச் சொந்தமான பூட்டில் மட்டுமே பழக வேண்டும். பிறருடைய பூட்டு என்றால் அவர் அனுமதி வேண்டும். அனுமதியின்றிப் பிறர் பூட்டைத் திறப்பது விளையாட்டு அன்று, குற்றம்.

இரண்டு: பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகவே கூடாது, அது உங்கள் வீட்டுப் பூட்டாக இருந்தாலும் சரி. காரணம் எளியது. பூட்டின் உள்ளே இருக்கும் சுருள்வில்கள் மயிரிழை போன்ற மெல்லிய கம்பியால் ஆனவை. பழகாத கை அவற்றை எளிதில் நெளித்துவிடும். இரவு எட்டு மணிக்கு அம்மா வேலையிலிருந்து திரும்பி வந்து, சரியான சாவியைப் போட்டும் கதவு திறக்காமல் வாசலில் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பழகுவதற்கென்று தனியாக ஒரு பூட்டு வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் முன், பூட்டின் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

பூட்டின் உள்ளே

கடைகளில் கிடைக்கும் சாதாரணச் சிறிய பித்தளைப் பூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சாவி தட்டையானது. ஓர் ஓரத்தில் மலைத்தொடர் போல மேடும் பள்ளமும் இருக்கும். சாவி நுழையும் பகுதி சுழலக்கூடிய ஓர் உள் உருளை. அந்த உருளையிலும், அதைச் சூழ்ந்த பூட்டின் உடலிலும் நேருக்கு நேராகச் சில துளைகள் துளைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முளைகள். அவற்றை ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கிறது.

சாவி இல்லாதபோது மேல்முளை பாதி உருளையிலும் பாதி உடலிலுமாக நிற்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது போல, உருளை சுழல முடியாது. சரியான சாவி நுழைந்தால் அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு முளையையும் வேண்டிய உயரத்துக்கு மட்டும் தூக்குகின்றன. அப்போது எல்லா இணைகளிலும் மேல்முளையும் கீழ்முளையும் சந்திக்கும் இடம், உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் அமைகிறது. இனி உருளை தடையின்றிச் சுழலும். முளையை ஓர் இழை கூடுதலாகத் தூக்கினாலும் கீழ்முளை குறுக்கே வந்துவிடும். குறைவாகத் தூக்கினால் மேல்முளை குறுக்கே நிற்கும்.

முளைகளைக் கொண்டு தடுக்கும் இந்த எண்ணம் மிகப் பழையது. பண்டைய எகிப்தியர் மரப் பூட்டுகளிலேயே இதைப் பயன்படுத்தினார்கள். இன்று நாம் காணும் உலோக வடிவத்தை 1860-களில் அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் உருவாக்கினார்.

7776 தடவையா? 45 தடவையா?

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு பூட்டில் 5 முளை இணைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 6 உயரங்கள் சாத்தியம். அப்படியானால் எத்தனை விதமான சாவிகள் செய்யலாம்?

6 × 6 × 6 × 6 × 6 = 7776.

ஒரு சாவியைச் சோதிக்க 10 விநாடி என்றால், எல்லாவற்றையும் சோதிக்க 21 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அப்படியிருக்க, பழகிய ஒருவர் இரண்டு சிறு கம்பிகளைக் கொண்டு சில நிமிடங்களில் திறந்துவிடுவது எப்படி?

இரகசியம் பூட்டுத் தொழிற்சாலையில் இருக்கிறது. ஐந்து துளைகளையும் ஒரே நேர்கோட்டில் துளைக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் எந்த இயந்திரமும் முழு நேர்கோட்டில் துளைப்பதில்லை. ஒரு துளை இடப்புறமாகவோ வலப்புறமாகவோ மயிரிழை அளவு விலகியிருக்கும். முளைகளும் மயிரிழை அளவு தடித்தோ மெலிந்தோ இருக்கும். எனவே உருளையை இலேசாகத் திருக முயன்றால், ஐந்து முளைகளும் ஒரே சமயத்தில் தடுப்பதில்லை. மிகவும் விலகிய ஒன்று மட்டும் முதலில் இறுகப் பிடித்துக்கொள்ளும். மற்றவை தளர்வாகவே இருக்கும்.

ஒரு கம்பியால் இலேசான திருகு விசை கொடுத்துக்கொண்டே, மற்றொரு கம்பியால் ஒவ்வொரு முளையாகத் தொட்டுப் பார்த்தால் இறுகியது எது என்று கைக்குத் தெரிந்துவிடும். அதை மெல்ல உயர்த்தினால் சரியான உயரத்தில் ‘டிக்’ என்ற மெல்லிய அதிர்வு. உருளை கடுகளவு நகரும். இப்போது இரண்டாவது முளை இறுகும். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக.

இதனால் கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு முளைக்கும் 6 உயரம் வீதம், 6 + 6 + 6 + 6 + 6 = 30 சோதனைகள். இறுகிய முளை எது என்று தேட முதலில் 5, அடுத்து 4, பிறகு 3, 2, 1 என 15 தொடுதல்கள். ஆக மொத்தம் 45தான்! பெருக்கல் கூட்டலாகிவிட்டது. பூட்டு தன் இரகசியத்தைத் தவணை முறையில் சொல்லிவிடுகிறது.

ஆகவே ஒரு பூட்டு எளியதா, கடினமா என்பதை அதன் எடை தீர்மானிப்பதில்லை. அதைச் செய்தவர் எவ்வளவு துல்லியமாகச் செய்தார் என்பதே தீர்மானிக்கிறது.

தொடக்கத்துக்கு ஏற்ற பூட்டு

இனிக் கடைக்குப் போகலாம். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

சாவியுடன் கூடிய புதிய பூட்டாக இருக்கட்டும். சாவியைப் போட்டு ஐந்தாறு முறை திறந்து மூடிப் பாருங்கள். சாவியில் திறக்கத் தடுமாறும் பூட்டு கம்பியில் ஒருநாளும் பாடம் சொல்லாது.

மிகச் சிறிய பெட்டிப் பூட்டு வேண்டாம். உள்ளே கம்பிக்கு இடம் இராது. நடுத்தர அளவில், சாவித் துவாரம் அகலமாகவும் நேராகவும் உள்ள பூட்டு நல்லது. துவாரம் பாம்பு போல் வளைந்து வளைந்து இருந்தால் அதைப் பிற்காலத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

சாவியின் பற்களைப் படியுங்கள். மேடு பள்ளங்கள் மெதுவாக ஏறி இறங்கினால் எளிய பூட்டு. ஆழமான பள்ளத்தை ஒட்டி உயரமான மேடு இருந்தால் கடினமான பூட்டு. ஏனெனில் முன்னால் தொங்கும் நீண்ட முளையைத் தொடாமல், அதன் பின்னால் இருக்கும் குட்டை முளையை உயர்த்த வேண்டியிருக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுப் பூட்டுகளிலும் சாவிக்குச் சாவி இது மாறும். கடைக்காரரிடம் நாலைந்து சாவிகளை வாங்கி ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. பழைய கதவுப் பூட்டின் உருளையைத் தனியே கழற்றி எடுக்கலாம். பூட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, ஒரே ஒரு முளை இணையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைத் திறக்கக் கை பழகியதும் இரண்டு இணை, பிறகு மூன்று. ஒரே பூட்டே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று உங்களோடு வளரும். உள்ளே நடப்பதைக் கண்ணால் காண ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்த பூட்டுகளும் விற்கின்றன. முளைகள் ஏறி இறங்குவதைப் புரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் கண்ணை நம்பிப் பழகினால் விரல் பழகாது. பார்த்தாயிற்று என்றால் அதை வைத்துவிட்டு உலோகப் பூட்டுக்கு மாறிவிடுங்கள்.

கடற்காற்று செய்யும் மோசடி

தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த பூட்டுகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கிவிடாதீர்கள்!

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். பள்ளி நாட்களில் அப்படி ஒரு பூட்டை வாங்கி மூன்று வாரம் போராடினேன். எந்த முளையைத் தொட்டாலும் இறுகியே இருந்தது. ‘அடேயப்பா, எத்தனை கடினமான பூட்டு!’ என்று அதன்மேல் மதிப்பே வந்துவிட்டது. கடைசியில் ஒரு பட்டறையில் கொடுத்து அறுத்துப் பார்த்தபோது, சுருள்வில்கள் செந்தூளாக உதிர்ந்தன. மூன்று வாரமாக நான் படித்தது பூட்டை அன்று, துருவை.

காரணம் என்ன? உப்பளங்கள் சூழ்ந்த கடற்கரையில் காற்றிலேயே நுண்ணிய உப்புத் துளிகள் மிதக்கின்றன. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் ஆவலோடு இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். இந்த உப்பு நீர்ப் படலம் மின்னோட்டத்தை நன்கு கடத்தும்; ஆகவே இரும்பு விரைவில் துருவாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். முளைக்கும் துளைக்கும் இடையிலிருந்த மயிரிழை இடைவெளியை அது நிரப்பிவிடும். அளவுக் கருவியின் அளவே கெட்டுவிட்டது! கடினமான பூட்டு வேறு, கெட்டுப்போன பூட்டு வேறு.

கடற்கரை ஊர்களில் உடல், உருளை, முளை யாவும் பித்தளையாக உள்ள பூட்டையே தேர்ந்தெடுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். நாளடைவில் தடித்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் முனையைச் சுரண்டிய மெல்லிய கிராஃபைட் தூளைச் சாவியில் தடவி உள்ளே விடுங்கள். அது போதும்.

அடுத்த படி: திண்டுக்கல் பூட்டு

முளைப் பூட்டு கைவந்தபின் வேறொரு குடும்பத்தைப் பார்க்க வேண்டாமா? அதற்கு அயல்நாடு போக வேண்டியதில்லை. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் இருக்கிறதே! கையால் செய்யும் அவ்வூர்ப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் செய்யப்படும் ‘மாங்காய்ப் பூட்டு’ அவற்றுள் புகழ்பெற்றது.

இவை லீவர் பூட்டுகள். உள்ளே முளைகளுக்குப் பதிலாக, ஒரு முனையில் அச்சில் பொருத்திய தட்டையான தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. சாவி எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வெட்டுகள் ஒரே கோட்டில் வந்து தாழுக்கு வழி விடும். தகட்டைக் கூடுதலாகத் தூக்கினாலும் தவறு, குறைவாகத் தூக்கினாலும் தவறு என்ற இந்த அமைப்பை 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் செய்தார். முளைப் பூட்டும் லீவர் பூட்டும் பார்வைக்கு வேறு; தத்துவம் ஒன்றே. இரண்டும் உயரத்தை அளக்கின்றன.

தொடக்கத்திலேயே லீவர் பூட்டை எடுக்காதீர்கள். அதன் வில்கள் வலுவானவை. மெல்லிய கம்பி வளைந்துவிடும். அதோடு தாழுக்குத் திருகு விசை கொடுப்பதும் கடினம்.

துறைமுகம் கற்பித்த பாடம்

துறைமுகங்களுக்கும் பூட்டுகளுக்கும் பழைய உறவு உண்டு. 1817-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகத்தில் கள்ளச் சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். உடனே அரசாங்கம், சொந்தச் சாவி தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டைச் செய்பவருக்கு 100 பவுண்டு பரிசு அறிவித்தது. ஜெரமையா சப் என்பவர் 1818-இல் ஒரு லீவர் பூட்டைச் செய்து பரிசை வென்றார். யாராவது தகட்டை அளவுக்கு மீறித் தூக்கினால் அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு சொந்தக்காரர் சாவியைப் போடும்போது, ‘யாரோ கைவைத்திருக்கிறார்கள்’ என்பது தெரிந்துவிடும்.

அதற்கும் முன்பே ஜோசப் பிராமா என்பவர் ஒரு பூட்டைச் செய்து, தம் லண்டன் கடைச் சன்னலில் தொங்கவிட்டிருந்தார். இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு! அறுபது ஆண்டுகளாக யாராலும் முடியவில்லை. அப்படி என்ன விசேஷம்? அதன் நுண்ணிய பாகங்களைக் கையால் செய்தால் துல்லியம் போதாது என்று கண்ட பிராமா, ஹென்றி மாட்ஸ்லி என்ற இளம் தொழிலாளியைக் கொண்டு, பாகங்களைச் செய்வதற்கென்றே தனி இயந்திரங்கள் அமைத்தார். மாட்ஸ்லி பின்னாளில் துல்லிய இயந்திரக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் புகழ் பெற்றார். ஒரு பூட்டின் தேவை உலகத்துக்குச் சிறந்த கடைசல் இயந்திரங்களைக் கொடுத்தது.

1851-இல் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், சப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்துவிட்டார். பிராமா பூட்டைத் திறக்க 16 நாட்களில் சுமார் 50 மணி நேரம் பிடித்தது. ஊரே அதிர்ந்தது. ‘இந்த வித்தையை வெளியில் சொல்லலாமா? திருடர்கள் கற்றுக்கொள்வார்களே!’ என்று பலர் கோபித்தார்கள். திருடர்கள் தம் தொழிலை முன்பே அறிவார்கள், அறியாதவர்கள் வீட்டுக்காரர்கள்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் விடை. அதன்பின் பூட்டுச் செய்வோர் தம் பூட்டுகளைத் திருத்தினார்கள். குறை வெளியில் தெரிந்ததால்தான் பூட்டு வளர்ந்தது.

இன்று தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பெட்டகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கதவில் எண் பொறித்த ஓர் ஆணி முத்திரை மாட்டியிருக்கும். அதற்குச் சாவியே கிடையாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டினால் அதே எண்ணுள்ள முத்திரையைத் திரும்பப் பொருத்த முடியாது. ‘கைவைத்தால் காட்டிக்கொடுப்பேன்’ என்ற சப்பின் எண்ணமே அதிலும் வாழ்கிறது.

செய்து பாருங்கள்

பூட்டு வாங்கும் முன்பே ஒரு பூட்டைச் செய்யலாம். ஒரு காலணிப் பெட்டி, மூன்று தடித்த அட்டைகள், ஒரு குடைக் கம்பி போதும்.

பெட்டியின் மூடியில் குறுக்காக, 3 செ.மீ. இடைவெளி விட்டு மூன்று பிளவுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 15 செ.மீ. உயரமுள்ள ஓர் அட்டையைச் செருகினால் அது பெட்டியின் தரையில் நிற்கும். அட்டைகளின் நடுவில், அடியிலிருந்து முறையே 6, 5, 7 செ.மீ. உயரத்தில் கம்பி நுழையும் அளவுக்கு ஆணியால் துளையிடுங்கள். பெட்டியின் எதிரெதிரான இரண்டு சிறிய பக்கச் சுவர்களிலும் 8 செ.மீ. உயரத்தில், நடுவில் துளையிடுங்கள். அட்டைகளை முறையே 2, 3, 1 செ.மீ. உயர்த்தினால் கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். பூட்டு திறந்துவிட்டது!

இந்த எண்களைச் சொல்லாமல் நண்பரிடம் கொடுங்கள். கம்பியை இலேசாகத் தள்ளிக்கொண்டே முதல் அட்டையை உயர்த்தினால் அவர் விரைவில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. பெருக்கல் எப்படிக் கூட்டலாகிறது என்பது கண்முன்னே தெரியும்.

அடுத்து, அட்டைத் துளைகளை அலுவலகத் துளைப்பானால் பெரிதாக்குங்கள். இப்போது எத்தனை தவறான உயரங்களில் கம்பி நுழைகிறது? அளந்து எழுதுங்கள். துளை பெரிதானால் பூட்டுக்கு ஞாபகமறதி வந்துவிடும்!

கடைசியாக ஒரு கேள்வி. ஓர் அட்டையில் வென்றதும் கம்பி முன்னே நகர்ந்து, அந்தச் செய்தியை நண்பருக்குச் சொல்லிவிடுகிறது அல்லவா? மூன்று அட்டைகளும் சரியாகும் வரை எந்தச் செய்தியும் வெளியே தெரியாதபடி இந்தப் பெட்டியை மாற்றி அமைக்க முடியுமா? பூட்டுச் செய்பவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நீங்களும் முயன்று பாருங்கள்.